தலைப்பெழுத்துக்கு ஏற்ற தொடர்: வாசகர் கேள்வி – பதில்

தம் பெயரின் தலைப்பெழுத்துகளில் வரிசையாகத் தொடங்கும் சொற்களைக் கொண்ட ஒரு தொடரைப் பழந்தமிழ்ப் பாடல்களிலிருந்து எடுத்துத் தருமாறு வாசகர் ஒருவர் முன்பு கேட்டிருந்தார். அதையொட்டிப் பலர் எழுதியிருப்பதால், இம்முறை பகுதி முழுவதும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: என் தலைப்பெழுத்து ‘அ’. பெயர் ‘வி’ என்று தொடங்குகிறது. என் புத்தகங்களின் முதல் பக்கத்தில் ஒட்டுவதற்கு, இந்த இரண்டு எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் அடுத்தடுத்து வரும் தொடர் வேண்டும். தேடலை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்களுக்குத் தேடலே வேண்டியதில்லை. ஔவையாரின் ஆத்திசூடியில் முதல் அறிவுரையே ‘அறஞ்செய விரும்பு’ என்பதுதான். ஆனால் அதே அடியைச் சொல் பிரித்து ‘அறம் செய விரும்பு’ என்று அச்சிட்டால், அது அ. செ. வி. என்னும் எழுத்துகளை உடைய வேறொருவருக்கு உரியதாகிவிடுகிறது. ஓர் அடி இருவருக்குப் பொருந்துவதில் குற்றமில்லை. எனினும் எதைச் சொல் என்று கொள்கிறோம் என்பதைத் தேடுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். எழுத்து அப்படியே பொருந்த வேண்டுமா, ‘க’ என்பதற்குக் ‘கூ’வும் போதுமா என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுவது நல்லது. இடையில் வரும் சொற்களைத் தாண்டிச் செல்வதை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. தாண்டலாம் என்றால் எந்த எழுத்துக்கும் எந்தப் பாட்டும் பொருந்திவிடும்.

ஆத்திசூடியின் தொடக்கப் பகுதி உயிரெழுத்து வரிசையில் செல்வதால், உயிரெழுத்தைத் தலைப்பெழுத்தாக உடையவர்கள் அங்கே தொடங்குவது எளிது. ஆ. சி. என்பவருக்கு ‘ஆறுவது சினம்’ இருக்கிறது, ஈ. வி. என்பவருக்கு ‘ஈவது விலக்கேல்’, ஒ. ஒ. என்று ஒருவர் இருந்தால் அவருக்கு ‘ஒப்புரவு ஒழுகு’. ‘ஊக்கமது கைவிடேல்’ என்பது ஊர்காவலன் மகன் கைலாசம் போன்ற ஒருவருக்காகக் காத்திருக்கிறது.

கேள்வி: மூன்று எழுத்துகளும் குறில் நெடில் மாறாமல் அப்படியே பொருந்தும் தொடரைத் திருக்குறளில் எதிர்பார்க்கலாமா?

பதில்: எதிர்பார்க்கலாம், கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. கணக்கைப் பாருங்கள். குறள்கள் 1330, ஒவ்வொன்றிலும் சீர்கள் 7. அடுத்தடுத்த மூன்று சீர்களை ஒரு குறளில் ஐந்து இடங்களில் எடுக்கலாம் என்பதால், நூல் முழுவதிலும் அத்தகைய இடங்கள் 6650. இனி எழுத்துப் பக்கம் வருவோம். தொல்காப்பியம் சொல்லுக்கு முதலாகக் கூறும் எழுத்துகளில் உயிர் 12. க, த, ந, ப, ம என்னும் ஐந்தும் எல்லா உயிரோடும் வருவதால் 60. சகரம் ஒன்பது உயிரோடும், வகரம் எட்டு உயிரோடும், ஞகரம் மூன்று உயிரோடும், யகரம் ஆகாரத்தோடு மட்டும் வரும். குற்றியலுகரத்தை விட்டுவிட்டால் மொத்தம் 93. இவற்றை மும்மூன்றாக அடுக்கினால் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகள் உண்டாகின்றன. அத்தனை வரிசைகளுக்கும் இருக்கும் இடங்களோ ஏழாயிரத்துக்கும் குறைவு. (சகர அகரம் சொல்லுக்கு முதலாகாது என்பது தொல்காப்பியர் விதி, குறளிலோ ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்’ என்று 118-ஆம் குறளே அப்படித்தான் தொடங்குகிறது. ச. சீ. என்னும் எழுத்துக்காரர் வள்ளுவருக்கு நன்றி சொல்லலாம்.)

ஆகவே சற்றே தளர்த்திக்கொள்வதுதான் நடைமுறைக்கு உகந்தது. தளர்த்துவதற்கும் நம் யாப்பிலேயே ஒரு முறை இருக்கிறது. மோனைக்கு அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். உயிர்களை இந்த மூன்று இனங்களாகவும், மெய்களைக் க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ என்னும் ஒன்பது வரிசைகளாகவும் கொண்டால் பிரிவுகள் பன்னிரண்டுதான். மூன்றெழுத்து வரிசைகள் 1728 ஆகச் சுருங்கிவிடும். அப்போது ஒரு வரிசைக்குச் சராசரியாக ஏறத்தாழ நான்கு இடங்கள் தேறுகின்றன. இது வெறும் சராசரிதான். ககர வரிசையில் தொடங்கும் சொற்கள் மிகுதி. ஞகரத்தில் தொடங்குபவை மிகவும் குறைவு. ஞகரத்தைத் தலைப்பெழுத்தாக உடையவர்களுக்கு ‘ஞாலம் கருதினுங் கைகூடும்’ என்னும் 484-ஆம் குறளும், சிலப்பதிகாரத் தொடக்கத்தில் வரும் ‘ஞாயிறு போற்றுதும்’ என்பதும் உடனே நினைவுக்கு வருகின்றன. இரண்டுமே எவரும் பெருமையோடு எடுத்துக்கொள்ளத் தக்கவை.

கேள்வி: என் எழுத்துகள் ர. வ. ந. எந்தப் பழைய நூலைப் புரட்டினாலும் ரகரத்தில் தொடங்கும் சொல்லே அகப்படவில்லை. எனக்கு வழியே இல்லையா?

பதில்: ரகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாவதில்லை. பிறமொழிப் பெயர்களை எடுத்தாண்ட பழம்புலவர்கள் அவற்றின் முன்னே அ, இ, உ என்னும் உயிர்களுள் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். கம்பர் பாட்டில் இராமனும் இலக்குவனும் வருவது அப்படித்தான். ரங்கன் அரங்கன் ஆவதும் அதே முறையில்தான். கிரந்த எழுத்துகளும் இவ்வாறே: ஜானகி சானகியாகவும், ஷண்முகம் சண்முகமாகவும், ஹனுமான் அனுமனாகவும் நிற்பர். ஆகவே உங்கள் தந்தையார் பெயரைப் பழைய முறையில் எழுதிப் பார்த்து, அதன் முதலெழுத்தைக் கொண்டு தேடுங்கள்.

அது ராமசாமி, ராஜகோபால் போன்ற பெயராக இருந்தால் உங்கள் எழுத்துகள் இ. வ. ந. ஆகிவிடுகின்றன. உடனே ‘இடுக்கண் வருங்கால் நகுக’ என்னும் 621-ஆம் குறளின் தொடக்கம் வந்து நிற்கிறது. மூன்று சொற்களும் முழுச் சொற்கள், மூன்றாம் சொல்லில் கருத்தும் முடிந்துவிடுகிறது, நடுவெழுத்தும் கடையெழுத்தும் சிறிதும் தளர்த்தாமலே பொருந்துகின்றன. இதைவிட நல்ல தொடர் அமைவது அரிது. இ. வ. என்று இரண்டெழுத்து மட்டும் உடையவர் இதே இடத்தில் வெட்டி எடுத்தால், ‘துன்பம் வரும்போது’ என்ற பாதிப் பேச்சைத் தம் பெயருக்குக் கீழே எழுதிக்கொள்ள நேரும். அவர் வேறு தொடரைத் தேடுவது நல்லது.

கேள்வி: நான் எஸ். ஆர். என்றே கையெழுத்திடுகிறேன். எகரத்தையும் ஆகாரத்தையும் கொண்டு தேடலாமா?

பதில்: தேடினால் கிடைக்கும், ஆனால் அது உங்கள் பெயருக்குப் பொருந்தும் தொடராக இருக்காது, ஆங்கில எழுத்தின் ஒலிப்புக்குப் பொருந்தும் தொடராகவே இருக்கும். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும் பெயர்களைத் தமிழில் எழுதிக்கொண்டு தொடங்குங்கள்.

கேள்வி: கணினியில் உ. யா. என்று தேடியபோது ‘உலகியற்றி யான்’ என்று குறளில் இரண்டு சீர்கள் வந்தன. ‘உலகத்தைப் படைத்து, நான்’ என்பது போன்ற பெருமிதமான பொருள் தோன்றுகிறது. இதைப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். அந்த ‘யான்’ நான் என்னும் பொருள் தரும் சொல் அன்று. ‘உலகு இயற்றியான்’, அதாவது உலகைப் படைத்தவன் என்பதே சொல். வெண்பாவின் ஓசைக்காக அது ‘உலகியற்றி’ என்றும் ‘யான்’ என்றும் இரண்டு சீர்களாகப் பிரிந்து நிற்கிறது. யாப்பில் இதற்கு வகையுளி என்று பெயர். குறளின் பொருளோ இன்னும் இடர்ப்பாடானது. பிச்சை எடுத்துத்தான் சிலர் உயிர்வாழ வேண்டும் என்றால், உலகைப் படைத்தவன் அலைந்து கெட்டொழியட்டும் என்று வள்ளுவர் சினந்து சொல்லும் 1062-ஆம் குறள் அது.

சீர் பிரித்து அச்சிட்ட பதிப்புகளைக் கணினிக்குக் கொடுத்துத் தேடுகிறவர்கள் எல்லாரும் இந்த வலையில் விழுகிறார்கள். சில இடங்களில் தவறு தானாகவே தெரிந்துவிடும். 411-ஆம் குறளில் ‘செல்வத்து ளெல்லாந் தலை’ என்றும், 1091-ஆம் குறளில் ‘நோய்நோக்கொன் றந்நோய் மருந்து’ என்றும் வருகின்றன. ளகரமும் றகரமும் சொல்லுக்கு முதலாகா என்பதால், அங்கே முந்திய சொல்லின் ஈறு அடுத்த சீரில் ஏறி அமர்ந்திருக்கிறது என்று கண்டுகொள்ளலாம். சொல்லுக்கு முதலாகக்கூடிய எழுத்தே சீரின் தலையில் வந்து நிற்கும்போதுதான் ஏமாற்றம். ‘காய்கவர்ந் தற்று’ என்பதில் ‘தற்று’ என்று ஒரு சொல் இல்லை. ‘கவர்ந்து அற்று’ என்று பிரித்தால் உண்மையான முதலெழுத்து அகரம். ‘தொட்டனைத் தூறும்’ என்பதிலும் தகரம் முந்திய சொல்லுக்கு உரியது, பின்னது ‘ஊறும்’.

இதன் உச்சம் எதுவென்றால், பழந்தமிழ் நூல்களைச் சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த உ. வே. சா. அவர்களின் எழுத்துகளையே, மெய்வரிசை பொருந்தினால் போதும் என்ற தளர்ந்த முறையில் குறளில் தேடிப் பார்ப்பது. கிடைப்பவற்றுள் ஒன்று 339-ஆம் குறளின் தொடக்கம்: ‘உறங்கு வதுபோலுஞ் சாக்காடு’. உ, வ, சா என்று எழுத்துகள் வரிசையாகவே நிற்கின்றன. ஆனால் ‘வதுபோலும்’ என்பது ‘உறங்குவது போலும்’ என்பதன் துண்டு. சொல் பிரித்தால் வகரம் மறைந்து பகரம் வந்துவிடும். சாவை உறக்கத்துக்கு ஒப்பிடும் நிலையாமைக் குறள் அது என்பதையும் கணினி சொல்லாது. இப்படி ஒரு தொடரை அப்பெரியவரின் படத்துக்குக் கீழே அச்சிட்டுவிட்டால், பொருந்தியது எழுத்து மட்டும்தான் என்று பிறகு எவரிடம் விளக்க முடியும்?

ஆகவே சீர் பிரித்த பதிப்பில் தேடினாலும், கிடைத்ததைச் சொல் பிரித்த பதிப்பிலோ உரையிலோ ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி: நானே ஒரு சிறிய நிரல் எழுதினேன். சொல்லெல்லைக் குறியைக் கொடுத்துத் தேடினால் பொருந்தாத இடங்களெல்லாம் வருகின்றன. சில சமயம் ஒன்றுமே வருவதில்லை. பிழை எங்கே?

பதில்: பெரும்பாலும் அந்தக் குறியில்தான். யூனிகோடில் ‘கா’ என்பது ககரமும் துணைக்காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். பைத்தானுடன் வரும் வடிவத்தேடல் நிரலகம் துணைக்கால், கொம்பு, புள்ளி முதலியவற்றைச் சொல்லின் பகுதியாகக் கொள்வதில்லை. அதனால் ஒரு சொல்லின் நடுவிலேயே பல இடங்களில் எல்லை இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் அந்தக் குறி அடிப்படை ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறியும். சொல்லெல்லைக் குறியை விட்டுவிட்டு, வரியின் தொடக்கம் அல்லது இடைவெளி, பிறகு வேண்டிய எழுத்து, பிறகு இடைவெளி அல்லாத எத்தனை குறியீடுகளும், மீண்டும் இடைவெளி, அடுத்த எழுத்து என்று வடிவத்தை அமையுங்கள்.

ககரத்தைக் கொடுத்தால் கா, கி, கு எல்லாம் சேர்ந்து வருவதும் இதே காரணத்தால்தான். தளர்ந்த தேடலுக்கு அது வசதி. தனிக் ககரம்தான் வேண்டும் என்றால், அடுத்து உயிர்க்குறி எதுவும் வரக்கூடாது என்று நிபந்தனை சேர்க்க வேண்டும். ‘கொ’ போன்ற எழுத்துகள் சில கோப்புகளில் ஒரே உயிர்க்குறியோடும், சிலவற்றில் கொம்பும் காலும் தனித்தனியாகவும் பதிவாகியிருக்கும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தேடுவதற்கு முன் கோப்பு முழுவதையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிட்டவர்களும் உண்டு. தேடுவதற்கான மூல நூல்களுக்கு, 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகள் பெரும் துணை. அவற்றுள் பழைய கோப்புகள் சில யூனிகோடுக்கு முந்திய குறியேற்றத்தில் இருப்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணினி இல்லாமல் தேட முடியாதா?

பதில்: முடியும். நல்ல பதிப்புகளின் கடைசியில் பாட்டு முதற்குறிப்பு அகராதி இருக்கும். உங்கள் எழுத்துகள் ஒரு பாட்டின் தொடக்கத்திலேயே பொருந்துமானால் அது போதும். நடுவில் வரும் சொற்களுக்கு, எந்தச் சொல் எந்தெந்த இடத்தில் வருகிறது என்று காட்டும் சொல்லடைவு வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் நூற் சொல்லடைவு சில நூலகங்களில் பார்க்கக் கிடைக்கும். அதில் தேடும்போது முதல் எழுத்திலிருந்து தொடங்காமல், உங்கள் எழுத்துகளுள் எது அரிதோ அதிலிருந்து தொடங்குங்கள். ப. ஞா. க. என்று இருந்தால், பகரச் சொற்களைப் பார்த்துக்கொண்டே போனால் பொழுது போய்விடும். ஞாகாரச் சொற்கள் சிலவே என்பதால், அவை வரும் இடங்களை மட்டும் எடுத்து முன்னும் பின்னும் பார்த்தால் வேலை விரைவில் முடியும்.

கேள்வி: நண்பர்கள் இருவரின் திருமண வாழ்த்தில் மணமக்களின் முதலெழுத்துகளுக்கு ஏற்ற தொடரைச் சேர்க்க விரும்புகிறேன். இருவர் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கினால் கிடைப்பது கடினமா?

பதில்: அதுதான் எளிது. தமிழ்ச் செய்யுள் மோனையால் நடப்பது. ஓரடிக்குள் முதலெழுத்து ஒன்றிவருவதைப் புலவர் வேண்டுமென்றே அமைக்கிறார். அதனால் ஒரே எழுத்தின் இரட்டைகள், பொதுக்கணக்கு சொல்வதைவிட மிகுதியாகக் கிடைக்கும். இருவரும் அகரம் என்றால் ‘அன்பும் அறனும்’. இருவரும் பகரம் என்றால் அதே 45-ஆம் குறளின் இரண்டாம் அடியில் ‘பண்பும் பயனும்’. இல்வாழ்க்கையைப் பற்றிய குறள் என்பதால் இடமும் பொருத்தமானது. வகரக்காரர்களுக்கு 50-ஆம் குறளில் ‘வையத்துள் வாழ்வாங்கு வாழ்பவன் வானுறையும்’ என்று நான்கு சீர்கள் தொடர்ந்து காத்திருக்கின்றன. ச–த, ஞ–ந, ம–வ என்னும் இணைகளும் மோனைக்கு இனமானவை என்பதால், அவற்றுக்கும் வாய்ப்பு மிகுதி.

எழுத்து வேறுபட்டால் குறுந்தொகையைப் புரட்டுங்கள். 40-ஆம் பாட்டில் ‘அன்புடை நெஞ்சம்’ அகரத்துக்கும் நகரத்துக்கும், ‘செம்புலப் பெயனீர்’ சகரத்துக்கும் பகரத்துக்கும் பொருந்தும். மூன்றாம் பாட்டில் ‘நிலத்தினும் பெரிதே’ என்பது நகரத்துக்கும் பகரத்துக்கும், ‘வானினும் உயர்ந்தன்று’ என்பது வகரத்துக்கும் உகரத்துக்கும் இருக்கின்றன. இரண்டு பாட்டும் காதலைப் பேசுபவை. எங்கே வெட்டினாலும் கேடில்லை.

வெட்டுமிடம் கேடாக முடியும் பாட்டுகளும் உண்டு. அகரமும் சிகரமும் வேண்டியவர் திருமந்திரத்தில் ‘அன்பு சிவம்’ என்று தொடங்கும் பாட்டைக் கண்டு மகிழ்ந்து எடுத்துக்கொள்ளக் கூடும். அந்த அடி ‘இரண்டென்பர் அறிவிலார்’ என்று முடிகிறது. அன்பையும் சிவத்தையும் வேறு வேறாகக் கருதுவோரின் பேச்சே அங்கே மேற்கோளாக வருகிறது. அதே பாட்டின் நான்காம் அடியிலிருந்து ‘அன்பே சிவமாய்’ என்பதை எடுத்தால் எழுத்தும் பொருந்தும், திருமூலர் கருத்தும் மாறாது. ‘யாதனின் யாதனின் நீங்கியான்’ என்னும் 341-ஆம் குறளை, அதன் அடுக்கு அழகாக இருக்கிறது என்பதற்காக மணவாழ்த்தில் சேர்த்துவிடாதீர்கள். அது துறவு அதிகாரத்தில் இருக்கிறது.

கேள்வி: இப்படி எழுத்துக்குப் பாட்டுத் தேடும் வழக்கம் வேறெங்கும் உண்டா?

பதில்: யூதர்களிடம் இதற்கு நெருங்கிய ஒரு வழக்கம் உண்டு. தம் பெயரின் முதலெழுத்தில் தொடங்கிக் கடைசி எழுத்தில் முடியும் வேத வசனம் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அன்றாட வழிபாட்டின் இறுதியில் சொல்வார்கள். தமிழில் அதைக் குறளோடு செய்து பார்த்தால் தொடக்கம் எளிது, முடிவு கடினம். குறளின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுக்குள் அடங்கியாக வேண்டும் என்பதால் ‘உலகு’, ‘மருந்து’ போன்ற உகர ஈறுகளும் சில மெய்யீறுகளுமே மிகுதி.

கேள்வி: எவ்வளவு தேடியும் என் எழுத்துகளுக்குத் தொடர் கிடைக்கவில்லை. நெருங்கி வரும் ஓர் அடியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: மாற்றாதீர்கள். மாற்றிய அடி நாளை வேறொருவரால் வள்ளுவர் வாக்காகவே எடுத்தாளப்படும். இரண்டு சீர் போதும் என்று எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். நாலடியார், கம்பராமாயணம், திருவாய்மொழி என்று பரப்பைக் கூட்டிக்கொள்ளலாம். கம்பரின் விருத்தங்களில் அடி நீளமானது. ஒரே அடியில் பல இடங்கள் தேடக் கிடைக்கும். அப்போதும் அகப்படவில்லை என்றால் சொந்தமாக எழுதுங்கள். மொழிக்கு முதலாகும் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்யுள் பாடும் வருக்கமாலை என்றொரு சிற்றிலக்கிய வகையே நம்மிடம் இருக்கிறது. எழுத்தை முன்வைத்துப் பாடுவது புலவர்க்கு இழிவாக இருந்ததில்லை. எழுதியதன் கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். பழம்பாடலிலிருந்து எடுத்தது என்றால் நூற்பெயரையும் பாட்டெண்ணையும் போடுங்கள்.